விமான நிறுத்துதளச் சோதனை (அமெரிக்கா)

நிறுத்துதளத்தில் நிற்கும் விமானத்தையும் விமானியின் ஆவணங்களையும் அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் (எஃப்.ஏ.ஏ.) ஆய்வாளர் நேரில் பார்வையிடுவதே இச்சோதனை.

விமானி முதலில் ஆய்வாளரின் அடையாள அட்டையைப் பார்த்துக்கொள்வது நல்லது. பிறகு தமது உரிமம், மருத்துவத் தகுதிச் சான்று, புகைப்பட அடையாள அட்டை ஆகியவற்றைக் காட்ட வேண்டும்; எஃப்.ஏ.ஏ. விதி 61.3 இதைக் கட்டாயமாக்குகிறது. காட்டுவது வேறு, ஒப்படைப்பது வேறு: பார்வைக்குக் கொடுத்த உரிமத்தைத் தயங்காமல் திரும்பக் கேட்டு வாங்க வேண்டும். விமானத்தின் பறப்புத் தகுதிச் சான்று, பதிவுச் சான்று, இயக்க வரம்புகள், எடை-சமநிலைக் கணக்கு ஆகியவையும் விமானத்திலேயே இருக்க வேண்டும்.

விமானக் குழுவினருக்கோ விமானத்தை இயக்கும் தரப்புக்கோ தெரியாமல் ஆய்வாளர் உள்ளே ஏறக்கூடாது என்பது எஃப்.ஏ.ஏ. கையேட்டின் விதி.

வாதம் வேண்டாம், வளவளப்பும் வேண்டாம். கேட்டதற்கு மட்டும் மரியாதையாக, உண்மையாகப் பதில் சொல்லுங்கள்.