பந்தை யாருக்குக் கொடுப்பது? கணினித் தலைவரின் பந்துவீச்சு மாற்றங்கள்: ஒரு வரலாற்று நோக்கு

கணினியில் கிரிக்கெட்டோ பேஸ்போலோ விளையாடுபவர்கள் வாயிலிருந்து ஒரே வசைதான் திரும்பத் திரும்ப வரும்: "இப்ப ஏன் இவனுக்குக் குடுத்தது?" நன்றாக வீசிக்கொண்டிருந்தவரைக் கணினி நிறுத்திவிடும். பகுதிநேரப் பந்துவீச்சாளரைக் கடைசி ஓவருக்கு அழைக்கும். பேஸ்போலில் இது புல்பென் சிக்கல். களைத்த பிட்சரை (பந்து எறிபவரை) மாற்ற மைதான ஓரத்தில் உடலைச் சூடாக்கிக்கொண்டிருப்பவர்களில் யாரை, எந்த நேரத்தில் இறக்குவது என்பதைக் கணினி பிழையாகக் கணிக்கிறது என்ற முறைப்பாடு.

நிரல் முட்டாள்தனமானது என்று சொல்லிக் கடந்துபோகலாம். அது விளக்கம் ஆகாது. ஒவ்வோர் ஆட்டத்திலும் உள்ள கணினித் தலைவர், அந்த ஆட்டம் எழுதப்பட்ட காலத்தில் மைதானத்தில் வழங்கிய வழக்கத்தை விதியாக உறையவைத்தவர். மைதானம் மாறிக்கொண்டே போகிறது, விதி நின்ற இடத்திலேயே நிற்கிறது. இக்கட்டுரையின் வாதம் இதுவே. அதற்கான சான்றுகளில் சில கொழும்பில், ஒருகொடவத்தைச் சந்தியிலிருந்து அதிகத் தூரமில்லை: பேஸ்லைன் வீதிக்கு அப்பால், மாளிகாவத்தை கெத்தாராமவில் 1986இல் திறக்கப்பட்ட ஆர். பிரேமதாச விளையாட்டரங்கில் கிடைக்கின்றன.

கணினிக்கு முந்தியது புத்தகக் கிரிக்கெட். பாடப்புத்தகத்தைக் கண்ணை மூடித் திறந்து, இடப்பக்க எண்ணின் கடைசி இலக்கத்தை ஓட்டமாக எடுப்பார்கள். சைபர் வந்தால் ஆட்டமிழப்பு. இந்த ஆட்டத்தில் பந்துவீச்சாளரே கிடையாது. ஆகவே மாற்றமும் இல்லை, திட்டுவதற்குத் தலைவரும் இல்லை.

அந்த இடைவெளியை முதலில் நிரப்பியது அமெரிக்கப் பேஸ்போல். 1951இல் 'அப்பா' (APBA), 1961இல் 'ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்' என்ற அட்டையும் தாயக்கட்டையும் கொண்ட ஆட்டங்கள் வந்தன. பிட்சரை மாற்றும் முடிவு மேசையில் இருந்த மனிதருடையது. 1987இல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்ட 'ஏர்ல் வீவர் பேஸ்போல்' அந்த முடிவைக் கணினிக்கும் கற்பித்தது. பால்டிமோர் அணியின் புகழ்பெற்ற மேலாளர் ஏர்ல் வீவரிடம் கேட்டறிந்த உத்திகள் நிரலுக்குள் போயின. சரியாக அடுத்த ஆண்டு, 1988இல், டோனி லா ரூசா மேலாளராக இருந்த ஓக்லண்ட் அணியில் டெனிஸ் எக்கர்ஸ்லி கடைசி இன்னிங்ஸை மட்டும் வீசும் 'குளோசர்' ஆகி 45 ஆட்டங்களைக் காத்துக் கொடுத்தார். ஏனைய அணிகளும் அந்த வழிக்கே வந்தன. வீவரின் மூளையைச் சுமந்த நிரலுக்கு இது தெரிய வழியில்லை. பின்னர் வந்த 'அவுட் ஆஃப் த பார்க் பேஸ்போல்' போன்ற ஆட்டங்கள் குளோசர், இடைநிலை வீச்சாளர், ஒரேயொரு துடுப்பாட்ட வீரருக்காக வரும் சிறப்பு வீச்சாளர் என்று பதவிகளை வகுத்தன. 2020இல் மேஜர் லீக், இறங்கும் வீச்சாளர் குறைந்தது மூவருக்கு வீசவேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்ததும் அந்தக் கடைசிப் பதவிக்கு வேலை இல்லாமல் போயிற்று.

கிரிக்கெட்டில் கணக்கு வேறு. பேஸ்போலில் வெளியேற்றப்பட்ட பிட்சர் அன்று திரும்ப முடியாது. கிரிக்கெட்டில் திரும்பலாம், ஆனால் அவருக்கு ஓவர் எல்லை உண்டு. ஒருநாள் போட்டியில் 10, இருபது20இல் 4. எனவே கேள்வி யாரை எடுப்பது என்பதைவிட யாருடைய ஓவர்களை எப்போதுக்கு மிச்சம் பிடிப்பது என்பதே. 1998இல் வந்த 'இன்டர்நேஷனல் கிரிக்கெட் கேப்டன்' தலைமைத்துவத்தையே ஆட்டமாக்கியது. ஆனால் கொழும்பில் பிள்ளைகள் அதிகம் விளையாடியது 'கிரிக்கெட் 07'. இஏ நிறுவனம் அதற்குப்பின் கிரிக்கெட் ஆட்டமே வெளியிடவில்லை. ரசிகர்கள் வீரர் பெயர்களையும் சீருடைகளையும் ஆண்டுக்காண்டு புதுப்பித்து அதை உயிரோடு வைத்திருந்தார்கள். புதிய முகங்களுக்குப் பின்னால் பந்தைப் பங்கிட்டது 2006ஆம் ஆண்டின் தலைவரே.

அப்படிப்பட்ட ஒரு தலைவரிடம் 1996 மார்ச் 17, லாகூர் உலகக் கிண்ண இறுதிப்போட்டியை ஒப்படைத்தால் என்ன நடக்கும்? அன்று இலங்கைத் தலைவர் அர்ஜுன ரணதுங்க 50 ஓவர்களில் 37ஐச் சுழலுக்குக் கொடுத்தார். முரளிதரன் 10, தர்மசேன 10, ஜயசூரிய 8, அரவிந்த டி சில்வா 9. புதுப்பந்தை எடுத்த வாஸுக்கும் விக்கிரமசிங்கவுக்கும் சேர்த்து 13தான். துடுப்பாட்டக்காரர் என்றே பட்டியலிடப்படும் அரவிந்த 42 ஓட்டங்களுக்கு 3 விக்கெட் எடுத்தார். திறன் எண்களை வரிசைப்படுத்திப் பந்தைக் கொடுக்கும் நிரல் ஒன்று அவருக்கு ஒன்பது ஓவர் கொடுத்திருக்கும் என்று நம்புவது கடினம். அன்று அந்த ஆடுகளம் எப்படி நடந்துகொண்டது என்பது அவருடைய திறன் எண்ணில் இல்லை.

மனிதத் தலைவர்கள் எண்ணுக்கு அடிமைப்படாதவர்கள் என்றும் சொல்ல முடியாது. 2012 ஒக்டோபர் 7, கெத்தாராம. உலக இருபது20 இறுதிப்போட்டி. அஜந்த மென்டிஸ் 4 ஓவரில் 12 ஓட்டங்களுக்கு 4 விக்கெட் சாய்த்தார். இலங்கைத் தலைவர் மஹேல ஜயவர்தன தன் மிகச் சிறந்த ஆயுதமான மாலிங்கவைத் திரும்ப அழைத்தார். மார்லன் சாமுவேல்ஸ் விளாசினார். மாலிங்கவின் 4 ஓவரில் 54 ஓட்டங்கள், விக்கெட் எதுவுமில்லை. மேற்கிந்தியத் தீவுகள் 137. இலங்கை 101க்குச் சுருண்டது. பெயரைப் பார்த்துப் பந்தைக் கொடுத்தார்கள் என்று அந்த இரவில் ரசிகர்கள் மஹேலவைத் திட்டினால், அது கணினித் தலைவரின் மீது வைக்கும் அதே முறைப்பாடுதான். (என் கணிப்பில் அது நியாயமற்றது, மாலிங்கவை அழைக்காமல் தோற்றிருந்தால் வசை இன்னும் கடுமையாக இருந்திருக்கும்.)

2020இல் கதை திசைமாறுகிறது: மைதானமே கணினியைப் போல எண்களைப் பின்பற்றத் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஒக்டோபர் 27 அன்று, பேஸ்போல் உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், டம்பா பே மேலாளர் கெவின் கேஷ் 73 பந்துகளில் ஒன்பது பேரை ஸ்ட்ரைக்-அவுட் செய்திருந்த பிளேக் ஸ்நெல்லை வெளியே எடுத்தார். ஒரே துடுப்பாட்ட வரிசையை மூன்றாம் முறை சந்திக்கும் பிட்சர் அடிவாங்குவார் என்பது தரவாளர்களின் முடிவு. 1-0 என்று முன்னிலையில் இருந்த அணி 3-1 என்று தோற்றது. சில வாரங்களில், டிசம்பர் 1 அன்று, கேப் டவுனில் இங்கிலாந்தின் தரவாளர் நேதன் லீமன் உடைமாற்றறை மாடத்தில் எழுத்தும் எண்ணும் கொண்ட அட்டைகளைத் தொங்கவிட்டு, களத்தில் நின்ற இயோன் மோர்கனுக்குக் குறிப்புக் கொடுத்தார். அப்போது இங்கிலாந்தின் பயிற்றுநர் கிறிஸ் சில்வர்வுட். 2022இல் அவர் இலங்கைக்கு வந்தார். ஆசியக் கிண்ணத்தில், துபாயில், பங்களாதேஷுக்கு எதிரான ஆட்டத்தில் இலங்கை முகாமிலிருந்தும் "2டி", "டி5" என்ற அட்டைகள் எழுந்தன. அவை வெறும் யோசனைகள், முடிவு தலைவர் தசுன் ஷானகவுடையது என்பது சில்வர்வுட்டின் விளக்கம். அந்த ஆட்டத்தையும் கிண்ணத்தையும் இலங்கை வென்றது.

மறு ஆண்டு செப்டெம்பர் 17, மீண்டும் கெத்தாராம, ஆசியக் கிண்ண இறுதிப்போட்டி. இந்தியாவின் மொஹமட் சிராஜ் ஒரே ஓவரில் நான்கு விக்கெட் எடுத்தார். தலைவர் ரோஹித் சர்மா அவரைத் தொடர்ந்து ஏழு ஓவர் வீசவைத்தார். 21 ஓட்டங்களுக்கு 6 விக்கெட். இன்னும் வீசவைக்கத் தான் விரும்பியதாகவும், நிறுத்தச் சொல்லி உடற்பயிற்சியாளரிடமிருந்து தகவல் வந்ததாகவும் ஆட்டம் முடிந்தபின் ரோஹித் சொன்னார். கணினி ஆட்டத்தில் வீரரின் பெயருக்கு அருகே களைப்புக் கோடு சுருங்கும்போது நடப்பது இதுவே. ஸ்நெல்லை எடுத்த முடிவு அமெரிக்காவில் நாட்கணக்காக அலசப்பட்டது. சிராஜை நிறுத்தியது பற்றி இங்கு யாரும் வாய் திறக்கவில்லை. மீதி விக்கெட்டுகளில் மூன்றை ஹர்திக் பாண்டியா எடுக்க, இலங்கை 50 ஓட்டங்களுக்கு முடிந்துபோயிருந்தது.