உழைச்செல்வோர் வரலாறு: இதயக் கண்காணிப்பு, மூச்சுப் பேணல், குருதித் தூய்மிப்பு ஆகியவற்றில் செவிலியர் பணியும் மும்பைத் தமிழர் சூழலும்

முன்னுரை

மருத்துவ வரலாறு பெரும்பாலும் மருத்துவர்களின் வரலாறாகவும் கருவிகளின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. நோயாளியின் அருகிருந்து பேணியோரின் வரலாறு அதனுள் அடிக்குறிப்பு அளவிலேயே இடம்பெறுகிறது. திருக்குறள் இவ்வாறு கருதவில்லை. மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்து, நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு 'உழைச்செல்வான்' என்பவனையும் சமநிலையில் வைத்து எண்ணுகிறது. சரகரின் வடமொழி மருத்துவ நூலும் மருத்துவத்தின் நான்கு கால்களுள் ஒன்றாகப் பணிவிடையாளரைக் கொள்கிறது. இருபதாம் நூற்றாண்டில் இதயம், மூச்சு, சிறுநீரகம் ஆகிய மூன்றையும் காக்கும் கருவிகள் தோன்றியபோது இந்த நான்காம் கூறு எவ்வாறு விரிவடைந்தது என்பதையும், மும்பையின் புறநகராகிய பாண்டுப் போன்ற பகுதிகளில் வாழும் தமிழர்க்கு அவ்விரிவு எத்தகைய மொழித் தேவையை உருவாக்கியுள்ளது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயர் வரலாறு

'செவிலி' என்னும் சொல் அகப்பொருள் மரபில் வளர்ப்புத்தாயைக் குறிக்கும். தோழியைச் செவிலியின் மகளாகத் தொல்காப்பியம் இலக்கணப்படுத்துகிறது. தலைவியின் மேனி வேறுபாட்டை முதலில் காண்பவளும், அவள் உடன்போக்கில் சென்றபின் ஆற்றாது தேடுபவளும் செவிலியே. பெற்றவள் அல்லள், எனினும் உடலின் சிறு மாற்றத்தையும் அறியும் அண்மை அவளுக்கு உண்டு. தற்காலத் தமிழ் இச்சொல்லை மருத்துவமனைப் பணியாளர்க்கு உரியதாக்கியபோது அந்த அண்மையையும் உடன் கொண்டுவந்தது எனலாம். ஈழத்தில் 'தாதி' என்னும் சொல் வழங்குகிறது. அதுவும் வளர்ப்புத்தாய் என்னும் பொருளிலிருந்து வந்ததேயாகும். மராத்தியில் 'பரிசாரிகா' என்பது ஏட்டு வழக்கு. மும்பை மருத்துவமனைகளில் நோயாளிகள் வாயில் வழங்குவது 'சிஸ்டர்' என்பதே.

தமிழில் மேலை மருத்துவத்தைக் கற்பிக்க முடியும் என்பதற்கு யாழ்ப்பாணமே முன்சான்று. 1847இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822 - 1884) மானிப்பாயில் மாணாக்கர்க்கு மருத்துவம் பயிற்றினார். 'அங்காதிபாதம்', 'இரண வைத்தியம்' முதலிய நூல்கள் தம் மாணாக்கர் துணையுடன் அவர் உருவாக்கியவை. சிறுநீரகத்தைக் 'குண்டிக்காய்' என வழங்கிய காலம் அது. கருவி வருமுன்னரே சொல் ஆயத்தமாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலை தலைகீழானது. கருவி முதலில் வந்தது. சொல் இன்றளவும் பின்தங்கியே நிற்கிறது.

இதயக் கண்காணிப்பு

தமிழ் மருத்துவம் மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்த்தது. 1816இல் பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் இதய ஒலியைக் குழல்வழிக் கேட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எய்ந்தோவன் இதயத்தின் மின்னோட்டத்தை வரைகோடாக்கி, அதற்காக 1924இல் நோபல் பரிசு பெற்றார். எனினும் அவ்வரைகோட்டைப் படிக்கும் உரிமை நெடுங்காலம் மருத்துவரிடமே இருந்தது.

1960இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கோவென்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகியோர், மார்பைத் திறவாமலே வெளியிலிருந்து அழுத்தி இதயத்தை இயக்கலாம் என்பதை நிறுவினர். மாரடைப்பில் இறந்தோருள் பலர் தசைச் சிதைவால் அன்றி, இதயத் துடிப்பின் ஒழுங்கு திடீரெனக் குலைவதால் இறந்தனர் என்பதும் தெளிவாயிற்று. இக்குலைவை மின்னதிர்ச்சியால் மாற்றலாம். ஆனால் அதற்குச் சில நிமிடங்களே அவகாசம் உண்டு. இத்தகையோரை ஓரிடத்தில் சேர்த்து இடைவிடாது கண்காணிக்க வேண்டும் என்னும் கருத்தை 1961இல் எடின்பரோவின் டெஸ்மண்ட் ஜூலியன் முன்வைத்தார். 1962இல் கான்சாஸ் நகரில் ஹியூஸ் டே அத்தகைய பிரிவு ஒன்றைத் தொடங்கினார்.

அங்கு எழுந்த வினா எளியது: நள்ளிரவில் திரையில் கோடு குலையும்போது அருகில் இருப்பவர் யார்? மருத்துவர் வந்து சேரும்வரை காத்திருந்தால் நோயாளி இறந்துவிடுவார். பிலடெல்பியாவில் லாரன்ஸ் மெல்ட்சரும் செவிலியர் ரோஸ் பின்னியோவும் இதற்கு விடை கண்டனர். வரைகோட்டைப் படிக்கவும், மருத்துவரின் வருகைக்குக் காத்திராமல் மின்னதிர்ச்சி அளிக்கவும் செவிலியர் பயிற்றப்பட்டனர். 1965இல் இதற்கெனச் செவிலியர் கையேடு ஒன்றும் வெளிவந்தது. முடிவெடுக்கும் உரிமை செவிலியர்க்கு வந்தமை மருத்துவ வரலாற்றில் ஒரு திருப்பமாகும்.

இன்றைய நடைமுறையிலும் அடிப்படை விதி மாறவில்லை. தோலைத் துடைத்து உலர்த்தி மின்முனைகளை ஒட்டுதல், எச்சரிக்கை ஒலியின் எல்லைகளை நோயாளிக்கேற்ப அமைத்தல், ஒலி எழுந்தவுடன் திரையை விடுத்து முதலில் நோயாளியைப் பார்த்தல் ஆகியன அவை. கழன்ற கம்பியும் நின்ற இதயமும் திரையில் ஒன்றுபோலவே தோன்றக்கூடும். இரண்டையும் பிரித்தறிவது நாடியைத் தொடும் விரலே. பழைய மரபின் விரல் புதிய கருவியின் முன்னும் தன் இடத்தை இழக்கவில்லை.

மூச்சுப் பேணல்

1928இல் டிரிங்கர் அமைத்த இரும்பு நுரையீரல், உடலைப் பேழைக்குள் வைத்து மூச்சை இயக்கியது. 1952இல் கோபன்ஹேகன் நகரை இளம்பிள்ளை வாதம் தாக்கியபோது அத்தகைய கருவிகள் போதவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் மருத்துவர் பியோன் இப்சன் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் மூச்சுக்குழலில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தினார். சிறுமி பிழைத்தாள். தொடர்ந்து பல மாதங்கள் ஏறத்தாழ 1500 மாணவர்கள் முறைவைத்து நோயாளிகளின் அருகமர்ந்து பையை அழுத்தினர். இறப்பு வெகுவாகக் குறைந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவு என்னும் அமைப்பு இந்நிகழ்வின் வழித்தோன்றலே. அது பிறந்தது கருவியால் அன்று. விழித்திருந்த மனிதர்களால் என்பது கருதத்தக்கது.

செயற்கைச் சுவாசத்தில் உள்ள நோயாளியைப் பேணும் முறை நுட்பமானது. நுரையீரல் தொற்றைத் தடுக்கத் தலைப்பகுதி 30 முதல் 45 பாகை வரை உயர்த்தப்படும். வாய்த் தூய்மை பேணப்படும். படுக்கைப்புண் தோன்றாதிருக்கக் குறித்த இடைவேளையில் உடல் புரட்டப்படும். சளியை உறிஞ்சுமுன் உயிர்வளி மிகுத்துக் கொடுக்கப்படும். ஒருமுறை உறிஞ்சுதல் 15 நொடிக்கு மேற்படலாகாது. 1974இல் சப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி வகுத்த ஒளிவழி அளவீட்டு நெறியால் விரல்நுனியிலேயே உயிர்வளி அளவை அறிய முடிகிறது. இவை அனைத்தினும் மேலாக ஒரு விதி உண்டு: குழாய் பொருத்தப்பட்டவர் பேச இயலார், ஆனால் கேட்க இயலும். ஆகவே ஒவ்வொரு செயலுக்கு முன்னரும் அதனை அவர்க்கு அறிவித்தல் வேண்டும். எம்மொழியில் அறிவிப்பது என்னும் வினா இங்கேயே எழுகிறது.

மும்பையின் வரலாற்றில் பேணுதலின் உச்சச் சான்று ஒன்றும், அதன் இயலாமையைக் காட்டும் சான்று ஒன்றும் உள்ளன. 1926இல் பரேலில் தொடங்கப்பெற்ற கே.இ.எம். மருத்துவமனையில் 1968 பிப்ரவரியில் மருத்துவர் பி.கே.சென் இதய மாற்று அறுவை செய்தார். ஆசியாவில் அதுவே முதலாவது. நோயாளி சில மணி நேரமே உயிர் வாழ்ந்தார். அதே மருத்துவமனையின் செவிலியர் அருணா ஷான்பாக், 1973 நவம்பரில் பணியிடத்திலேயே கொடுந்தாக்குதலுக்கு உள்ளாகி நினைவிழந்தார். 42 ஆண்டுகள் அவரைப் பேணியவர்கள் அங்குப் பணிபுரிந்த செவிலியரே. அவரை நேரில் அறியாத இளந்தலைமுறையினரும் அப்பணியைத் தொடர்ந்தனர். 2011இல் உச்ச நீதிமன்றம் அவருடைய வழக்கில் தீர்ப்பு வழங்கியபோது அச்செவிலியரின் பேணலைப் பாராட்டியது. 2015 மே 18ஆம் நாள் நுரையீரல் அழற்சியால் அவர் காலமானார். அறுவையின் சாதனை நூல்களில் ஆண்டோடு பதிவாகியுள்ளது. 42 ஆண்டுப் பேணலுக்கோ ஒரு சாதனை நாள் இல்லை. ஒவ்வொரு நாளும் அதன் நாளே.

மற்றொன்று பாண்டுப்பிலேயே நிகழ்ந்தது. 2021 மார்ச்சில் பெருந்தொற்றுக் காலத்தில், அங்கு வணிக வளாகமொன்றில் இயங்கிய மருத்துவமனையில் நள்ளிரவில் தீ சூழ்ந்து நோயாளிகள் பலர் உயிரிழந்தனர். கருவியோடு பிணைக்கப்பட்டவர் தாமே எழுந்து ஓட இயலாதவர். அவர்க்குக் கட்டடமும் பேணலின் பகுதியே என்பதை அந்நிகழ்வு உணர்த்துகிறது.

குருதித் தூய்மிப்பு

நெதர்லாந்தின் காம்பன் நகரில் போர்க்காலத்தில், 1943இல், வில்லெம் கோல்ஃப் இறைச்சி உறையாகப் பயன்பட்ட செலோபேன் குழாயை உருளையில் சுற்றிச் செயற்கைச் சிறுநீரகம் அமைத்தார். 1945இல்தான் அதனால் ஒருவர் உயிர் பிழைத்தார். ஒவ்வொரு முறையும் புதிய குருதிநாளத்தைத் திறக்க வேண்டியிருந்தமையால் நீடித்த மருத்துவம் இயலாதிருந்தது. 1960இல் சியாட்டில் நகரின் ஸ்கிரிப்னர் அமைத்த நிலையான குழாய் இணைப்பும், 1966இல் பிரெசியா, சிமினோ முதலியோர் வகுத்த நாள இணைப்பும் அத்தடையை நீக்கின. கருவிகள் சிலவாகவும் நோயாளிகள் பலராகவும் இருந்த நிலையில், யார்க்கு வாழ்வு என்பதை முடிவு செய்யச் சியாட்டிலில் பொதுமக்கள் குழு ஒன்று அமைக்கப்பட்டமை அறவியல் வரலாற்றில் பெருவிவாதமாயிற்று.

இந்தியாவில் கே.இ.எம். மருத்துவமனையில் 1965இல் சிறுநீரக மாற்று முயற்சி நடைபெற்றது. 1971இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அது வெற்றி பெற்றது. 1946இலேயே செவிலியர் கல்வியைப் பட்டப்படிப்பாக்கிய நிறுவனம் வேலூர் என்பதை இதனோடு இணைத்து நோக்குதல் தகும். இதன்பின் பொருள் வசதியற்றோர்க்கும் இச்சிகிச்சை எட்டும் முயற்சிகள் தொடர்ந்தன. மகாராட்டிரத்தில் 2012இல் தொடங்கி 2017இல் மகாத்மா ஜோதிராவ் புலே பெயரைப் பெற்ற காப்பீட்டுத் திட்டமும், 2016இல் அறிவிக்கப்பட்ட தேசியத் திட்டமும் அவற்றுட் சில. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வயிற்றுவழித் தூய்மிப்புக்கான பைகளை வீட்டிற்கே கொண்டு சேர்க்கிறது.

ஒரு முறைக்கு நான்கு மணி நேரம். நிமிடத்திற்கு 500 மில்லிலிட்டர் கரைசல். ஆக, 120 லிட்டர் நீர் நோயாளியின் குருதிக்கு மிக அருகில், மெல்லிய சவ்வுக்கு அப்பால் பாய்கிறது. மும்பைக்கு நீர் வழங்கும் மாநகராட்சியின் பெருந்தூய்மை நிலையம் பாண்டுப்பிலேயே உள்ளது. குடிப்பதற்கு ஏற்றதாக அங்கிருந்து வரும் நீரும் தூய்மிப்புக்கு நேரே பயன்படாது. நோய்க்கிருமியைக் கொல்லச் சேர்க்கும் குளோரின் வகைகள் குருதியணுவைச் சிதைக்கும். அலுமினியம் மூளையைத் தாக்கும் என்பது 1970களில் கண்டறியப்பட்டது. எனவே கரிவடிகட்டி, எதிர்ச்சவ்வூடு பரவல் ஆகியவற்றின் வழி நீரை மீண்டும் தூய்மித்து, குளோரின் எஞ்சவில்லை என உறுதி செய்த பின்னரே பணி தொடங்கும்.

செவிலியர் முதலில் நோயாளியை எடை பார்க்கின்றனர். முன்னைய எடையோடு ஒப்பிட்டு அகற்ற வேண்டிய நீரின் அளவு கணிக்கப்படுகிறது. நாள இணைப்பின்மேல் விரல் வைத்து அதிர்வை உணர்கின்றனர். அதிர்வு நின்றிருந்தால் ஊசி ஏற்றலாகாது. குருதி அழுத்தம் இடையிடையே அளக்கப்படும். கொட்டாவி, தலைச்சுற்றல், கெண்டைக்கால் பிடிப்பு ஆகியன அழுத்தம் வீழ்வதன் முன்னறிகுறிகள். அவை தோன்றின் கால்களை உயர்த்தி, நீர் அகற்றலை நிறுத்தி, உப்புநீர் செலுத்துவர்.

மொழியின் இடம்

மேற்கண்ட மூன்றனுள் முதலிரண்டும் மருத்துவமனைக்குள் நிகழ்பவை. மூன்றாவதன் பெரும்பகுதியோ வீட்டில் நிகழ்வது. வாரத்தின் 168 மணி நேரத்தில் கருவியோடு இருப்பது எட்டு முதல் 12 மணி நேரமே. எஞ்சிய நேரத்தில் நோயாளிக்குத் துணை, செவிலியர் சொல்லி அனுப்பிய சொற்களே. நாள இணைப்புள்ள கையில் குருதி எடுக்கவோ அழுத்தம் பார்க்கவோ விடலாகாது. அக்கையைத் தலைக்கு அணையாக வைத்து உறங்கலாகாது. தண்ணீரை அளந்தே பருக வேண்டும் என்பன அச்சொற்கள்.

உணவைப் பற்றிய அறிவுரையில் மொழியோடு பண்பாடும் நுழைகிறது. 'பொட்டாசியத்தைக் குறைத்துக் கொள்க' என்பது தமிழ்க் குடும்பத்திற்கு விளங்காத தொடர். காய்ச்சலுக்கும் களைப்புக்கும் இளநீர் கொடுப்பது தமிழர் வழக்கம். சிறுநீரகம் செயலிழந்தவர்க்கு அந்த இளநீரே இதயத்தை நிறுத்தக்கூடும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றின் உப்பு நாவறட்சியைத் தந்து நீர் பருகத் தூண்டும். கஞ்சி, இரசம், மோர் ஆகியனவும் நீர்க் கணக்கில் சேர்வன. மராத்தியோ இந்தியோ மலையாளமோ பேசும் செவிலியர்க்கு இவ்வழக்கங்கள் தெரியாதிருத்தல் இயல்பு. தமிழ் மூதாட்டிக்கு அவர்தம் மொழி விளங்காதிருத்தலும் இயல்பே. பள்ளியில் பயிலும் பேரப்பிள்ளை மொழிபெயர்ப்பாளர் ஆகுமிடத்து, பிழைக்கும் சரிக்கும் இடையே நிற்பது ஒரு குழந்தையின் சொல்லறிவே.

முடிவுரை

நாடியைத் தொட்ட விரல் மின்வரைகோட்டின் முன்னும், நாள இணைப்பின் மேலும் தொடர்கிறது. கருவி பெருகப் பெருக அருகிருப்போரின் தேவை குறையவில்லை. அவர்தம் பொறுப்பே மிகுந்துள்ளது. அப்பொறுப்பின் இறுதிப் பகுதி, நோயாளிக்கு விளங்கும் சொல்லில் அறிவித்தலாகும். கிறீன் காலத்தில் மொழிபெயர்ப்பு மருத்துவ மாணவர்க்காக நிகழ்ந்தது. இன்று அது நோயாளிக்காகவும் நிகழ வேண்டியுள்ளது. கலைச்சொல்லாக்கம் என்னும் பெயரில் தமிழ்த் துறைகள் செய்துவரும் பணி, 'டயாலிசிஸ்' என்பதற்கு நிகரான சொல்லைத் தேடுவதோடு அமைந்துவிடலாகாது. அச்சொல்லை நோயாளிகள் ஏற்கெனவே தமதாக்கிக் கொண்டுள்ளனர். அவர்க்கு இல்லாதது இளநீர் ஏன் ஆகாது என்பதை இரண்டு எளிய தொடரில் கூறும் தமிழ்த் தாளே. தமிழகத்திற்கு வெளியே வாழும் தமிழர்க்கு அத்தகைய சிறு கையேடுகளைச் செவிலியரோடு இணைந்து உருவாக்குதல், உழைச்செல்வாரை நான்காம் கூறாக எண்ணிய மரபின் தொடர்ச்சியாக அமையும்.