ஓசூர் ஏன் திருப்பித் தரப்படவில்லை: 1799 பங்கீடும் கணவாய்த் தலைகளும்

ஓசூர் வட்டார வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதன் குளிர்ச்சியிலிருந்தே தொடங்குகிறார்கள். ஏறத்தாழ 900 மீட்டர் உயரம், 'குட்டி இங்கிலாந்து' என்ற பட்டப்பெயர், சேலம் கலெக்டர் பிரெட் கட்டிய மாளிகை ஆகியவற்றை அடுக்கிவிட்டு, தட்பவெப்பம் ஒத்துக்கொண்டதால்தான் ஆங்கிலேயர் இந்த ஊரை மைசூருக்குத் தராமல் வைத்துக்கொண்டனர் என்று முடிப்பது வழக்கமாகிவிட்டது. இதில் காலவரிசையே இடிக்கிறது. ஓசூர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது 1799-இல். பிரெட்டின் மாளிகையோ 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. கோடைக்கு மலையேறும் வழக்கமும் அப்போது வேர்விடவில்லை. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்குப் போனதே 1819-இல்தான். குளிர்ச்சிதான் நோக்கம் என்றால், அதே உயரத்தில் அதே காற்று வீசும் பெங்களூரை உடையார் அரசுக்கு விட்டுக்கொடுத்திருக்க வேண்டியதில்லை.

இங்கு மறுவாசிப்புக்கு உரியது 1799 பங்கீட்டு ஏற்பாடுதான். திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கம்பெனி கன்னடக் கரை, கோயம்புத்தூர், வயநாடு ஆகியவற்றை எடுத்துக்கொண்டது. அவற்றோடு, மேட்டுநிலத்தில் கணவாய்களின் தலைப்பில் நிற்கும் கோட்டைகளும் காவலிடங்களும் தன்னிடம் இருக்க வேண்டும் என்றது. முந்தைய ஆய்வுகள் இதை வெற்றி பெற்றவர் போடும் வழக்கமான நிபந்தனையாகக் கருதிக் கடந்துவிட்டன. முந்தைய எட்டு ஆண்டுகளோடு சேர்த்துப் படித்தால் அதற்கு வேறு கனம் வருகிறது. 1791 மே மாதம் சீரங்கப்பட்டணத்திலிருந்து பட்டினியோடு பின்வாங்கிய கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸின் படை, சூலையில் ஓசூரையும் அடுத்து இராயக்கோட்டையையும் பிடித்தது. கர்நாடகச் சமவெளியிலிருந்து தானியம் மேலேறி வர அந்த வழி திறந்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் 1792 உடன்படிக்கையில் இந்தப் பக்கத்தில் கணவாய்களுக்குக் கீழே உள்ள பாராமகால் மட்டுமே கம்பெனிக்கு வந்தது. ஓசூர் திப்புவிடமே திரும்பிப்போனது. ஏணியின் அடி ஒருவரிடமும் உச்சி இன்னொருவரிடமும் இருந்த இந்த நிலை ஏழு ஆண்டு நீடித்தது. 1799 மார்ச்சில் கம்பெனித் தளபதி ஹாரிஸின் படை இராயக்கோட்டைப் பக்கமிருந்துதான் மைசூருக்குள் நுழைந்தது. அதே ஆண்டில் எல்லை வகுத்தவர்களுக்கு உச்சியின் மதிப்பு மறந்திருக்க முடியாது. இதை நேரடியாகச் சொல்லும் வரி கிடைக்கிறது என்று நான் வாதிடவில்லை. நிகழ்வுகளின் வரிசை வேறு விளக்கத்துக்கு அதிகம் இடம் தரவில்லை என்பதே என் நிலை.

நிலத்தைப் பார்த்தாலும் இதே முடிவுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. எல்லைக்கு அப்பால் உள்ள அத்திப்பள்ளிக்கும் ஓசூருக்கும் இடையே ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. உண்மையான விளிம்பு கிழக்கே, சூளகிரியைத் தாண்டி மேலுமலைக் கணவாயில் இருக்கிறது. அங்கிருந்து சாலை கிருஷ்ணகிரியை நோக்கிச் சரிகிறது. இயற்கை எல்லையை மதித்திருந்தால் கோடு மேலுமலையில் விழுந்திருக்கும். அதை மேற்கே தள்ளி மேட்டுநிலத்தின் மேலேயே கிழித்ததால்தான் ஓசூர் 'பாலாகாட்' என்ற பெயரில் சேலம் மாவட்டத்தின் மூன்றாம் அடுக்காயிற்று. கோட்டைகள் போதுமே, முழு வட்டம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மேலுமலை, இராயக்கோட்டை, தெற்கே அஞ்செட்டி என இறங்குவழிகள் பரந்து கிடக்கின்றன. அவற்றின் தலைப்புகளை ஒரே நிர்வாகத்தில் இணைக்கவும், காவற்படைக்குக் கேழ்வரகும் மாட்டுத் தீவனமும் அங்கேயே திரட்டவும் பின்னால் ஒரு நிலப்பரப்பு வேண்டும் என்பது என் ஊகம்.

நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை ஓசூரையும் கிருஷ்ணகிரியையும் கோப்பதால் இரண்டும் இயல்பாகவே ஒரே வட்டாரம் என்ற வாதம் கேட்க இனிமையானது. எல்லைக்கோடு அந்த ஆற்றையே குறுக்காக வெட்டிச் செல்வதை அது கவனிக்கவில்லை. மொழியைக் காரணம் காட்டுவோருக்கு நீண்ட மறுப்பு வேண்டியதில்லை: கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் கோட்டின் இருபுறமும் பேசப்பட்டன, மொழி எல்லையின் அளவுகோலானது 1956-இல்தான்.

படைத் தேவை மறைந்தபின் இந்தக் கோடு என்ன செய்தது என்பதுதான் இனி ஆராய வேண்டியது. மொரப்பூரிலிருந்து 1906-இல் தருமபுரி வரை போடப்பட்ட குறுகிய பாதை ரயில், 1913-இல் ஓசூருக்கு ஏறி அங்கேயே நின்றது. பெங்களூர் எட்டும் தொலைவில் இருந்தும் அது எல்லையைக் கடக்கவில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பாதையே மூடப்பட்டது. 1970-களில் சிப்காட் வளாகம் வந்தபோது ஆலைகள் மேலுமலை விளிம்பை நோக்கி அல்ல, சூசூவாடிப் பக்கம், எல்லையை ஒட்டி எழுந்தன. பெங்களூரின் சந்தையும் தமிழ்நாட்டின் தொழிற்சலுகையும் ஒரே இடத்தில் கிடைக்கக் காரணமான அந்தக் கோட்டின் கதையைப் பின்தங்கிய பகுதி மேம்பாட்டுக் கொள்கையின் வரலாறாக மட்டும் எழுதுவோர், 1799-ஐ இன்னும் கணக்கில் எடுக்கவில்லை.