ஜெர்மனில் வீட்டுப் பொருள்களின் இடம் சொல்லல்

வீட்டில் ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்பதை ஜெர்மன் மொழி மூன்று உறுப்புகளால் சொல்கிறது: பெயருக்கு முன் வரும் இடச்சொல், பெயரின் பாலைக் காட்டும் ஆர்ட்டிகிள், பொருளின் கிடப்பைக் காட்டும் வினை. ஐரோப்பிய மொழித்தரத்தின் ஏ1, ஏ2 நிலைகளிலேயே இது பாடமாகிவிடும். ஜெர்மனியில் இருக்கும் கணவனிடமோ மனைவியிடமோ போய்ச் சேர 2007 முதல் பொதுவாக ஏ1 அறிவைக் காட்ட வேண்டியிருப்பதால், சென்னை கதே நிறுவனத்தில் படிப்பவர்களில் பலர் இதைக் கடந்தே போகிறார்கள்.

தமிழ்நாட்டின் ஆலங்காயம் ஊரில் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுவரில் காலண்டர், பீரோவில் சேலை, தட்டில் சோறு. தமிழுக்கு மூன்றும் ஒரே 'இல்'. ஜெர்மனில் காலண்டருக்கு 'ஆன்' (ஒட்டியிருப்பது), சேலைக்கு 'இன்' (உள்ளிருப்பது), சோற்றுக்கு 'அவுஃப்' (பரப்பின் மேலிருப்பது). இதனால் தமிழ் இடம் சொல்வதில் மொட்டை என்று நினைத்துவிடக் கூடாது. 'மேசை மேல் செம்பு' என்றால் தொட்டுக்கொண்டிருக்கிறது; 'மேசைக்கு மேலே ஃபேன்' என்றால் இடையில் வெற்றிடம். ஜெர்மன் இதற்கு 'அவுஃப்', 'யூபர்' என்று இரண்டு சொல் வைத்திருக்கிறது. நமக்கு ஒரு 'கு' போதும். அறை மூலைக்கு 'இன்', தெருமுனைக்கு 'ஆன்' என்று ஜெர்மன் இடச்சொல்லை மாற்றுகிறது. பெயர் இரண்டுக்கும் ஒரே 'எக்கெ'தான். தமிழோ பெயரையே மாற்றி மூலை, முனை என்கிறது.

உண்மையில் சிக்க வைப்பது வினை. தமிழ் 'இருக்கிறது' என்று முடித்துவிடும் இடத்தில் ஜெர்மானியர் பொருளின் கோலத்தைப் பார்க்கிறார்: பாட்டில் நிற்கிறது (ஷ்டேட்), கத்தி கிடக்கிறது (லீக்ட்), படம் தொங்குகிறது (ஹெங்க்ட்), பூட்டில் சாவி செருகியிருக்கிறது (ஷ்டெக்ட்). தட்டு தட்டையாக இருந்தாலும் மேசையில் 'நிற்கிறது', அடிப்பாகத்தில் அமர்ந்திருக்கிறதே! ஆம்பூர், வாணியம்பாடி ஷூக்கள் ஜெர்மனிக்கும் ஏற்றுமதியாகின்றன. அங்கே போன ஷூ வாசலில் அடிப்பாகம் தரையில் பட 'நிற்கும்', அட்டைப்பெட்டிக்குள் சாய்த்து அடுக்கினால் 'கிடக்கும்'. நம் வாசலில் செருப்பு எப்படியிருந்தாலும் 'கிடக்குது'தான். ஆலங்காயத்தை அடுத்த காவலூரில் 1972-இல் நிறுவிய ஒரு மீட்டர் தொலைநோக்கி, ஜெர்மனியின் யேனா நகரத்து ஸைஸ் நிறுவனம் செய்தது. அதுவும் ஜெர்மன் வாக்கியத்தில் காவலூரில் 'நிற்கிறது'.

ஆன், அவுஃப், ஹின்டர், இன், நேபன், யூபர், உன்டர், ஃபோர், ட்ஸ்விஷன் என்ற ஒன்பது இடச்சொற்களுக்குப் பின் ஆர்ட்டிகிள் இருவிதமாக வரும். 'எங்கே' என்றால் 'அவுஃப் டேம் டிஷ்' (மேசை மேல் இருக்கிறது); 'எங்கே கொண்டுபோய்' என்றால் 'அவுஃப் டேன் டிஷ்' (மேசை மேல் வைக்கிறேன்). தமிழில் 'மேசை மேல்' அசையாமல் நிற்க, வேறுபாட்டை வினை சுமக்கிறது. வினையிலும் 'வை' என்ற ஒன்றை ஜெர்மன் நிறுத்தி வைப்பதற்கு 'ஷ்டெல்லன்', படுக்க வைப்பதற்கு 'லேகன்' என்று பிரித்துக் கேட்கும்.