புறனடையும் நிரலும்: கண்காணிப்பு மென்பொருளில் விதிகளைத் திருத்தும் முறை

தமிழ் இலக்கண நூலார் பொதுவிதியை வகுத்தபின், அதற்குள் அடங்காதவற்றைப் புறனடை நூற்பாவால் தழுவிக்கொண்டனர். பொதுவிதி சிதையாமல் நின்றது. விலகி நிற்பவற்றுக்கும் நூலிலேயே இடம் கிடைத்தது. கணினிக் கண்காணிப்பு மென்பொருளின் விதிகளைத் திருத்துவோர்க்கும் இந்த ஒழுங்கு வேண்டும். கன்சோலில் கையால் மாற்றுவதைவிட நிரல்வழி மாற்றுவதே இதைக் காக்கும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

களம்

பழைய மாமல்லபுரம் சாலையும் வண்டலூர்ச் சாலையும் கூடும் கேளம்பாக்கம் உப்பளங்களோடு வளர்ந்த ஊர். அருகே சிறுசேரி சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவும் டேட்டா சென்டர்களும் உள்ளன. கூடுவாஞ்சேரிப் பக்கம் ஜோஹோவின் வளாகம் இருக்கிறது. 1996இல் அட்வென்ட்நெட்டாகத் தொடங்கிய இந்நிறுவனம்தான் ஆப்மேனேஜர் என்னும் கண்காணிப்பு மென்பொருளைத் தருகிறது. ஆக, இம்மென்பொருளை ஆக்குவோரும் ஆள்வோரும் இப்பகுதியில் அக்கம்பக்கத்தார்.

மென்பொருளோடு வரும் அலர்ட் வரம்புகள் எவ்விடத்துக்கும் பொதுவானவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுக்கும் நேரமும், பேக்கப் ஓடி சர்வரின் சுமை ஏறும் நள்ளிரவும் அவற்றுக்குத் தெரியா. விளைவு, அலர்ட் மழை. நைட் ஷிஃப்டில் இருப்பவர் நூறு பொய் அலர்ட்டைத் தள்ளிவிடப் பழகியபின், நூற்றோராவது மெய்யானதும் அதே கையால் தள்ளப்படும். ஆகவே திருத்தம் தவிர்க்க முடியாதது. எப்படித் திருத்துவது என்பதே வினா.

மூலமும் திருத்தமும்

மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்டம் சென்டர் ஆபரேஷன்ஸ் மேனேஜர் இதற்குத் தெளிந்த சான்று. இதன் 2007ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், தயாரிப்பாளர் தரும் விதிகள் முத்திரையிட்ட மேனேஜ்மென்ட் பேக்கில் வருகின்றன. அதில் யாரும் கைவைக்க முடியாது. திருத்தங்கள் ‘ஓவர்ரைடு’ என்ற பெயரில், முத்திரையிடாத வேறொரு பேக்கில் சேர்கின்றன. மூலத்தின் புதிய பதிப்பு வந்தாலும் அவை நிலைக்கும். ஒரே விதிக்குப் பல திருத்தங்கள் இருந்தால், வகைக்கு இட்டதைக் குழுவுக்கு இட்டதும், அதனைத் தனி சர்வருக்கு இட்டதும் வெல்லும். சிறப்புவிதி பொதுவிதியை விலக்கும் என்ற நம் இலக்கண நெறிதான் இது.

கன்சோல் இந்த நல்ல அமைப்பைக் காக்கத் தவறுகிறது. அவசரத்தில் சொடுக்குபவர் திருத்தத்தை ‘டிஃபால்ட்’ பேக்கிலேயே போட்டுவிடுகிறார். பிறகு மூல பேக்கை நீக்க நினைத்தாலும், ‘டிஃபால்ட்’ பேக் அதைச் சார்ந்திருப்பது தடுக்கிறது. வரம்பை 80இலிருந்து 95 ஆக்கிய எண் மட்டும் எஞ்சும். ஏன் ஆக்கினார் என்பது அவரோடு வேலை மாறிப் போய்விடும்.

பவர்ஷெல் நிரலில் எழுதினால் எந்த விதி, எந்தக் குழு, எந்த பேக், என்ன காரணம் என்பவை ஒரே கோப்பில் அமைகின்றன. பேக்கைச் சரிபார்த்தபின் மாற்றத்தை ஏற்கும் படிகளும் அந்நிரலில் இடம்பெறும். 2012இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் தொடங்கிய புரொமீதியஸ் இன்னும் ஒரு படி போகிறது. அதன் விதிகளே எழுத்துக் கோப்புகள். நிலைமை எத்தனை நிமிடம் நீடித்தால் அலர்ட் எழலாம் என்பதையும் எழுதலாம். விதி நடைமுறைக்கு வருமுன் மாதிரித் தரவைக் கொடுத்துச் சோதிக்கவும் அதில் கருவி உண்டு.

மறுப்பும் விடையும்

கையால் செய்யும் பிழை ஒரு சர்வரோடு நிற்கும், நிரலின் பிழையோ ஒரே நொடியில் எல்லா சர்வரையும் ஊமையாக்கும் என்பது வலுவான மறுப்பு. அந்த ஆபத்து மெய். ஆனால் கையால் செய்த பிழை பல மாதம் கண்ணில் படாமல் கிடக்கும்; நிரலின் பிழை கோப்பில் வரியாக நிற்கும், பழைய பதிப்புக்குத் திரும்பவும் முடியும். எனினும் மூன்று கட்டுகள் தேவை: எத்தனை சர்வர்களைத் தொடும் என்று முதலில் ஒத்திகையாக எண்ணிக் காட்டல், எழுதாத ஒருவர் படித்து ஒப்புதல் தரல், ஒவ்வொரு திருத்தத்துக்கும் முடியும் நாள் குறித்தல். மழைக்காலத்துக்கென்று தளர்த்திய வரம்பு சித்திரையிலும் தளர்ந்தே கிடந்தால், அது காவலில் விட்ட ஓட்டை.

இலக்கண ஆசிரியர்கள் விதிவிலக்கைத் தம் நினைவில் வைத்துக்கொள்ளாமல் நூலுக்குள் எழுதினார்கள். அதனால்தான் அது உரைகாரர்களின் கைக்கு வந்தது. காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட் மாறி வந்து அமரும் இளைஞருக்கும், முந்தைய இரவு விதி ஏன் தளர்த்தப்பட்டது என்பது அப்படிக் கைக்கு வர வேண்டும்.