நீலகிரி மலைநிலமும் வெளிநாட்டார் கிரைய உரிமையும்: 1819 முதல் 2019 வரை

உதகையிலிருந்து கோத்தகிரி போகும் சாலையில் கட்டபெட்டைச் சுற்றி எந்தச் சரிவைப் பார்த்தாலும் தேயிலைதான். அதில் பெரும்பகுதி படுகர் குடும்பங்களின் சிறு தோட்டங்கள். பறித்த இலையை வாங்கக் கூட்டுறவுத் தொழிற்சாலையும் இங்கேயே இருக்கிறது. துபாயிலோ டொராண்டோவிலோ இருந்து அரை ஏக்கருக்கு விலை கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குச் சட்டம் சொல்லும் பதில் இரு நூற்றாண்டுகளில் தலைகீழாக மாறிய கதையே இக்கட்டுரையின் பொருள்.

இம்மலையில் நிலம் வாங்க வந்த வெளிநாட்டாருக்கு முதலில் தடை போட்டது கிழக்கிந்திய கம்பெனியே. மாகாணத் தலைநகரங்களுக்கு வெளியே ஐரோப்பியர் நிலவுடைமையாளராக ஊன்றுவதை அது நெடுங்காலம் விரும்பவில்லை. கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறி, கோத்தகிரி அருகே பங்களா கட்டினார். பிறகு உதகையில் ஏக்கர் ஒரு ரூபாய் என்று தோடர்களிடம் நிலம் வாங்கினார். கலெக்டரே கிரையதாரர் என்பதால் பேரத்தில் எந்தக் கை ஓங்கியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கிரையம் செல்ல வேண்டுமானால் விற்றவர்களுக்கு உரிமை இருந்தாக வேண்டும். தோடர்களே மண்ணின் உடைமையாளர்கள் என்று சல்லிவன் விடாமல் வாதாடியதில் நியாய உணர்வும் சொந்த நலனும் பின்னிக் கிடந்தன என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த வாதம் தோற்றது. தோடர்களுக்கு உள்ளது மேய்ச்சலை அனுபவிக்கும் வழக்குரிமை மட்டுமே என்று 1843-இல் கம்பெனி இயக்குநர் அவை முடிவு செய்தது. அதற்குள் எதிர்ப்பக்கத்துக் கதவு திறந்துவிட்டது. 1833-ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் பழைய தடையைத் தளர்த்தியது. 1837-ஆம் ஆண்டின் 4-ஆம் சட்டம், பிரிட்டிஷ் முடியின் எந்தக் குடியும் கம்பெனி ஆட்சிப்பகுதியில் நிரந்தரமாகவோ குத்தகைக்கோ நிலம் வைத்துக்கொள்ளலாம் என்றது. மலையில் பிறந்தவனின் உரிமை மேய்ச்சலாகச் சுருங்கிய அதே பத்தாண்டுக்குள் கப்பலில் வந்தவனின் உரிமை நிரந்தரமானது. 1861 அக்டோபரில் கானிங் பிரபு வெளியிட்ட தரிசு நிலத் தீர்மானம் முழு உடைமையாகவே நிலத்தை விற்க வழிவிட்டது. லண்டன் அதைத் திருத்தி ஏல விற்பனையை வலியுறுத்தினாலும், காபியும் தேயிலையும் பரவ அது தடையாகவில்லை.

விடுதலைக்குப் பின் கேள்வி மாறியது. 1974 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, இந்தியக் குடிமகன் அல்லாதவர் அசையாச் சொத்தை வாங்கவோ விற்கவோ தானமாகக் கொடுக்கவோ ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும் என்றது. தோட்டக் கம்பெனிகளிடம் அரசு சற்று மென்மையாக நடந்துகொண்டது. வெளிநாட்டுப் பங்கு பொதுவாக 40 சதவீதம் என்றால், தேயிலைக்கு 74 சதவீதம் வரை விட்டது. அடுத்த கரையில் இலங்கை 1975-இல் கம்பெனித் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. இந்தியா நிலத்தைத் தொடாமல் பங்குப் பத்திரத்தைத் தொட்டது.

31-ஆம் பிரிவைச் சம்பிரதாயம் என்று பலரும் அலட்சியமாக எடுத்துக்கொண்டார்கள். வெளிநாட்டவரான ஒரு விதவை 1977-இல் பெங்களூருச் சொத்தின் ஒரு பகுதியை அனுமதி பெறாமல் தானமாக எழுதிக்கொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அனுமதி கட்டாயம், அது இல்லாத பத்திரம் செல்லாது என்று 2021 பிப்ரவரி 26-இல் தீர்ப்பு வந்தது. ஏற்கெனவே முடிந்துபோன விவகாரங்களைக் கிளற வேண்டாம் என்றும் நீதிமன்றம் சேர்த்துச் சொன்னது. இல்லையென்றால் மலைவாசஸ்தலப் பழைய பங்களாக்கள் பலவற்றின் மூலப்பத்திரம் ஆட்டம் கண்டிருக்கும்.

2000 ஜூன் 1 முதல் நடப்பிலுள்ள அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், குடியுரிமையோடு குடியிருப்பையும் நிலத்தின் வகையையும் பார்க்கிறது. 2019 அக்டோபர் விதிகளின்படி, வெளிநாடுவாழ் இந்தியரும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருப்பவரும் வீடு, கடை, மனை வாங்கலாம். விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டம் ஆகிய மூன்றையும் வாங்க முடியாது. சுற்றுலா விசாவில் வந்து தங்கும் வெளிநாட்டவருக்கு வீடும் கிடையாது. கட்டபெட்டில் இந்த விதி நேரே மண்ணில் வந்து முட்டுகிறது. தரகர் ‘பிளாட்’ என்று காட்டும் இடத்துக்கு அடங்கலில் தேயிலை என்று இருந்தால், அது சட்டத்தின் கண்ணில் தேயிலைத் தோட்டமே. வில்லங்கச் சான்று சுத்தமாக இருப்பதால் மட்டும் அது மனையாகிவிடாது. அடங்கல், சிட்டா, நில உபயோக வகைப்பாடு மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பது வீண்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. கோத்தகிரியில் பிறந்து கனடாக் குடியுரிமை வாங்கியவர் ஒரு சென்ட் தேயிலை நிலமும் வாங்க முடியாது. தேயிலைத் தொழிலிலோ நூறு சதவீத அந்நிய நேரடி முதலீட்டுக்கு இடமுண்டு. நில உபயோகத்தை மாற்ற மட்டும் மாநில அரசின் முன் அனுமதி வேண்டும். ஆளுக்குச் சாத்திய கதவு கம்பெனிக்குத் திறந்திருக்கிறது. விக்டோரியா காலத்துத் தோட்டத் துரை இதைக் கேட்டால் வியப்படைய மாட்டார்.

இலங்கைக் குடிமக்கள் நிலை இன்னும் இறுக்கம். பாகிஸ்தான், சீனா, நேபாளம் உள்ளிட்ட நாடுகளோடு இலங்கையும் பட்டியலில் இருப்பதால், ரிசர்வ் வங்கி அனுமதியின்றி ஐந்தாண்டு வரையிலான குத்தகை மட்டுமே அவர்களுக்கு உண்டு. ஓசிஐ அட்டை இருந்தால் இந்தத் தடை இல்லை. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இலங்கையிலிருந்து வந்த தாயகம் திரும்பியோர் பலருக்கு நீலகிரியில் தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்கள் வேலை தந்தன. இந்தியக் குடியுரிமையோடு வந்த அண்ணன் கோத்தகிரியில் வீடு வாங்கலாம். இலங்கைக் குடிமகனாக ஹட்டனிலேயே தங்கிவிட்ட தம்பி அதே தெருவில் வாங்க முடியாது.

வாரிசுரிமைக்கு மட்டும் விதி இளகுகிறது. தகப்பனாரின் தேயிலைக் காணி வெளிநாடுவாழ் மகனுக்குப் பாகமாக வரலாம். விற்கும்போது இந்தியாவில் வசிப்பவருக்கு விற்க வேண்டும். தொகையை ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வரம்புக்குள் வெளியே கொண்டுபோகலாம். குறுக்குவழியாக மைத்துனர் பேரில் வாங்கி வைப்போரும் இருக்கிறார்கள். 2016-இல் கடுமையாக்கப்பட்ட பினாமிச் சட்டப்படி அந்தச் சொத்து பறிமுதலாகலாம். பணம் கொடுத்தவர், பெயர் கொடுத்தவர் இருவருக்கும் ஏழாண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு.