கடன் வாங்கிய நிரலும் கசியும் நினைவகமும்

1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ கூட்டிய மென்பொருள் பொறியியல் மாநாட்டில், பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டக் மெக்கில்ராய் ஒரு கோரிக்கையை முன்வைத்தார். எல்லாவற்றையும் அவரவரே முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. மென்பொருள் கூறுகள் தொழிற்சாலைப் பொருள்களாகத் தயாராகி, பட்டியலைப் பார்த்துத் தேர்ந்து வாங்கும் நிலை வர வேண்டும் என்றார். அந்தச் சந்தை உருவாக இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. வந்தபோது ஒரு புதிய தொல்லையும் கூடவே வந்தது.

வாங்கிய கூறும் வாங்கியவரின் மென்பொருளும் ஒரே நினைவகத்தில் இயங்குகின்றன. ஒன்று செய்யும் தவறுக்கு இன்னொன்றும் சேர்ந்து விழுகிறது. திரையில் தெரிவது வாங்கியவரின் பெயர். வாடிக்கையாளர் திட்டுவதும் அவரைத்தான். தவறு நடந்த இடத்தின் மூலநிரலோ அவர் கையில் இல்லை. கிராஷையும் நினைவகக் கசிவையும் துரத்த எழுந்த கருவிகளில் முக்கியமானவை இந்த நிலைமைக்குப் பதில் தேடியவை. பிறர் எழுதிய நிரலுக்குள் எப்படிப் பார்ப்பது? பார்க்க முடியாவிட்டால் அதை எப்படி அடைத்து வைப்பது?

இந்தத் தொல்லையின் வேர் சி மொழியில் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய அந்த மொழியில், நிரல் தனக்கு வேண்டிய நினைவகத்தை மாலாக் மூலம் கேட்டு வாங்கும்; வேலை முடிந்ததும் ஃப்ரீ மூலம் திருப்பித் தரும். யார் வாங்கினார், யார் தர வேண்டும் என்ற கணக்கை மொழி வைத்துக்கொள்வதில்லை. ஒரு லைப்ரரி நினைவகத் துண்டு ஒன்றை வாங்கி அதன் முகவரியை அழைத்தவரிடம் கொடுத்துவிட்டால், அதை விடுவிக்கும் பொறுப்பு யாருடையது என்பதற்குக் கையேடு மட்டுமே சாட்சி. இருவரும் விடுவிக்காவிட்டால் கசிவு. இருவரும் விடுவித்தால் கிராஷ். விடுவித்த பிறகு ஒருவர் அதைத் தொட்டால் இன்னும் மோசம்: தவறு அப்போதைக்குத் தெரியாது; அந்த இடம் வேறொன்றுக்கு ஒதுக்கப்பட்ட பிறகு, சம்பந்தமே இல்லாத வரியில் நிரல் விழும். சுவரில் ஈரம் படர்ந்த இடம் ஒன்று, குழாய் உடைந்த இடம் வேறு என்பது போன்ற நிலைமை. விழுந்த கணத்தின் நினைவகப் படியான கோர் டம்ப்பைத் திறந்து பார்ப்பவர் கண்ணில் முதலில் படும் வரி பல வேளைகளில் குற்றமற்றது. ஜான் மெக்கார்த்தி 1950களின் இறுதியிலேயே லிஸ்ப் மொழிக்குத் தானியங்கிக் குப்பை சேகரிப்பை வகுத்து இந்தக் கணக்கை மனிதர் தலையிலிருந்து இறக்கியிருந்தார். ஆனால் வேகமும் சிக்கனமும் தேவைப்பட்ட இயங்குதளங்களும் வணிக மென்பொருள்களும் சி மொழியின் பக்கமே சாய்ந்தன.

கசிவு எவ்வளவு பொறுமையான எதிரி என்பதை லண்டன் ஆம்புலன்ஸ் சேவை 1992இல் கண்டது. அக்டோபர் இறுதியில் புதிய கணினி முறை தடுமாறிய செய்தி உலகறிந்தது. ஒரு வாரம் கழித்து, நவம்பர் 4 அதிகாலை இரண்டு மணிக்குப் பிறகு, கணினி மெல்ல மெல்ல வேகம் குறைந்து முழுவதுமாக உறைந்தது. விசாரணைக் குழு கண்டுபிடித்த காரணம் மிகச் சிறியது. சுமார் மூன்று வாரங்களுக்கு முன் நிரலர் ஒருவர் தவறுதலாக விட்டுவைத்த ஒரு துண்டு நிரல், ஒவ்வொரு முறை வண்டி அனுப்பப்படும்போதும் சர்வரின் நினைவகத்தில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு திருப்பித் தராமல் இருந்தது. இதைச் சில மணி நேரச் சோதனையில் யாராலும் பிடித்திருக்க முடியாது. கசிவைக் காட்டுவது ஒரு கணத்தின் படம் அல்ல. காலப்போக்கில் ஏறும் கோடு. ஒரே வேலையை ஆயிரம் முறை செய்யவைத்து, முன்னும் பின்னும் நினைவகத்தைப் படமெடுத்து ஒப்பிடும் வழக்கம் இந்தத் தொழிலில் வேரூன்றியதற்குக் காரணம் இதுதான்.

கருவிகளில் முன்னோடி ஒன்று திரைப்பட நிறுவனமான பிக்ஸாரில் பிறந்தது. அங்கே பணியாற்றிய புரூஸ் பெரன்ஸ் 1980களின் இறுதியில் எழுதிய எலெக்ட்ரிக் ஃபென்ஸ், ஒதுக்கப்படும் ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் யாரும் தொடக் கூடாத நினைவகப் பக்கம் ஒன்றை வைத்தது. எல்லை மீறிய கணத்திலேயே, மீறிய வரியிலேயே நிரல் விழும். எளிமையும் அழகும் கூடிய யோசனை. நினைவகத்தை மட்டும் வாரி விழுங்கும்.

பெரிய திருப்பம் 1991இல் பியூர் சாஃப்ட்வேர் வெளியிட்ட பியூரிஃபை. அதை உருவாக்கியவர் ரீட் ஹேஸ்டிங்ஸ், பின்னாளில் நெட்ஃபிளிக்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவர். சன் கணினிகளுக்காக எழுதப்பட்ட இந்தக் கருவி மூலநிரலைத் தொடவே இல்லை. கம்பைலர் உருவாக்கி முடித்த ஆப்ஜெக்ட் கோப்புகளைப் படித்து, நினைவகத்தைத் தொடும் ஒவ்வொரு கட்டளைக்கு முன்னும் ஒரு சோதனையைச் செருகியது. நிரலின் ஒவ்வொரு பைட்டுக்கும் இரண்டு பிட் ஒதுக்கி, அது ஒதுக்கப்படாததா, ஒதுக்கப்பட்டும் மதிப்பு எழுதப்படாததா, எழுதப்பட்டதா என்று குறித்துவைத்தது. எந்தப் பாயிண்டராலும் எட்ட முடியாமல் அநாதையாகிப்போன துண்டுகளைத் தேடி, அவற்றை ஒதுக்கியது யார் என்ற அழைப்பு வரிசையோடு பட்டியலிட்டது.

காசு கொடுத்து வாங்கிய லைப்ரரியும் ஆப்ஜெக்ட் கோப்புதான் என்பதால், இந்த வெளிச்சம் அதன் மீதும் விழுந்தது. அதுவரை விற்பனையாளரிடம் வாங்கியவர் சொல்ல முடிந்தது "உங்கள் கூறு விழுகிறது என்று நினைக்கிறோம்" என்பது மட்டும். வரும் பதில் "உங்கள் நிரலைப் பாருங்கள்" என்பது. இப்போது எந்த அழைப்பில் எத்தனை பைட் தொலைந்தது என்று காட்ட முடிந்தது. பிழைதேடும் கருவிகளில் இந்த அளவுக்குப் பேச்சின் சமநிலையையே மாற்றியவை குறைவு.

அதே பத்தாண்டில் விண்டோஸ் உலகில் கூறுகளின் சந்தை பெருகியது. விஷுவல் பேசிக்கின் கண்ட்ரோல்கள், அவற்றின் பின் ஆக்டிவ்எக்ஸ் என்று ஆயிரக்கணக்கில் விற்பனைக்கு வந்தன. ஆக்டிவ்எக்ஸின் அடித்தளமான காம் அமைப்பு, ஒரு பொருளை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணி, எண்ணிக்கை பூஜ்யமானதும் அதை விடுவிக்கும். இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் பூஜ்யம் வருவதே இல்லை. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 இதற்குப் பெயர்போனது. பக்கத்தின் பொத்தான் காம் கணக்கில் இருந்தது, அதைச் சொடுக்கினால் இயங்கும் ஸ்கிரிப்ட் குப்பை சேகரிப்பின் கணக்கில் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று சுட்டியபோது, எந்தக் கணக்கும் மற்றதன் எல்லைக்குள் பார்க்கவில்லை. உலாவியை மூடும்வரை நினைவகம் திரும்பவில்லை. இரு தரப்பு நிரலும் தனித்தனியே சரியாக இருந்தும் சேரும் இடத்தில் கசிந்ததற்கு முக்கியமான சான்று இது.

பிழையைத் திருத்த முடியாத இடங்களில் அதோடு வாழும் வழிகளும் உருவாகின. விண்டோஸ் 3 காலத்து சிம்சிட்டி விளையாட்டு, விடுவித்த நினைவகத்தை உடனே மீண்டும் படித்துக்கொண்டிருந்தது. பழைய விண்டோஸில் அந்த இடம் கலையாமல் கிடந்ததால் யாருக்கும் தெரியவில்லை. விண்டோஸ் 95இல் விளையாட்டு விழத் தொடங்கியதும், சிம்சிட்டி இயங்கினால் மட்டும் நினைவகத்தை உடனே திரும்ப எடுக்காத தனி ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் செய்தது. அப்பாச்சி வலை சர்வரில், ஒரு செயலாக்கம் இத்தனை கோரிக்கைகளுக்குப் பிறகு தானே முடிந்து புதிதாகத் தொடங்க வேண்டும் என்று வரம்பு வைக்க முடிந்தது. அப்பாச்சியோ அது பயன்படுத்தும் லைப்ரரிகளோ கசியக்கூடும் என்பதால்தான் இந்த ஏற்பாடு என்று அதன் அமைப்புக் கோப்பே வெளிப்படையாகச் சொன்னது. இது தீர்வு அல்ல. ஆனால் நள்ளிரவில் சர்வரைக் காக்கும் பொறுப்பில் இருந்த ஒருவருக்கு மதிப்புள்ள காப்பு.

2002இல் ஜூலியன் ஸீவர்ட் வெளியிட்ட வால்கிரைண்ட், பியூரிஃபையின் யோசனையை லினக்ஸுக்கு இலவசமாகக் கொண்டுவந்தது. நிரலை ஒரு கற்பனைச் செயலியின் மேல் ஓட்டி ஒவ்வொரு கட்டளையையும் கண்காணித்ததால், மீண்டும் கம்பைல் செய்யவோ இணைக்கவோ தேவையில்லாமல் போயிற்று. வேகம் பல மடங்கு குறைந்தாலும் உள்ளே வந்த எல்லா லைப்ரரியும் கண்ணில் பட்டது. அதுவே ஒரு சுமையும் ஆயிற்று. அடிப்படை லைப்ரரிகளின் எச்சரிக்கைகள் குவிந்து சொந்தப் பிழைகளை மறைத்தன. எனவே தெரிந்த, திருத்த முடியாத பிறர் பிழைகளை அடக்கிவைக்கும் கோப்பு ஒன்றையும் கருவியோடு தர வேண்டியிருந்தது.

எச்சரிக்கையை அடக்குவதில் எவ்வளவு ஆபத்து உண்டு என்பதை டெபியன் லினக்ஸின் அனுபவம் காட்டியது. மறைகுறியாக்கத்துக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரி, மதிப்பு எழுதப்படாத நினைவகத்தையும் தன் தற்செயல் எண்களின் கலவையில் சேர்த்துக்கொண்டிருந்தது. வால்கிரைண்ட் அதைப் பிழை என்று காட்டியது. 2006இல் டெபியனுக்காக அந்த லைப்ரரியைப் பேணியவர், எச்சரிக்கைக்குக் காரணமான இரண்டு வரிகளை நீக்கினார். ஒன்றை நீக்கியதில் தீங்கில்லை. மற்றொன்று உண்மையான தற்செயல் தன்மை முழுவதும் நுழையும் வாசல். எஞ்சியது செயலாக்கத்தின் எண் மட்டும். அது அப்போது 32,768 மதிப்புகளுக்குள் அடங்கியிருந்தது. லூசியானோ பெல்லோ இதைக் கண்டுபிடித்து 2008 மே மாதம் அறிவிப்பு வெளியாகும் வரை, டெபியனிலும் அதிலிருந்து பிறந்த உபுண்டுவிலும் உருவான மறைகுறியாக்கச் சாவிகள் ஊகித்துவிடக்கூடியவையாக இருந்தன. கருவி சொன்னது உண்மை, பேணியவரின் நோக்கமும் நல்லது. பிறர் நிரலின் எண்ணம் என்ன என்பதைக் கருவியால் சொல்ல முடியவில்லை. அதை எழுதியவர்களோடு நீண்ட உரையாடல் நடந்திருக்க வேண்டிய இடம் அது.

இதற்கிடையே மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் விழும் இடங்களிலிருந்து பிழை அறிக்கைகளை இணையம் வழியே திரட்டத் தொடங்கியிருந்தது. ஒரே பிழையில் விழுந்தவை ஒரே கூடையில் சேர்ந்தன. பிழைகளில் 1 சதவீதமே மொத்த விழுகைகளில் பாதிக்குக் காரணம் என்று 2002இல் ஸ்டீவ் பால்மர் எழுதினார். விண்டோஸ் முழுவதுமாக விழும்போது தோன்றும் நீலத் திரைக்குப் பெரும்பாலும் காரணம், வன்பொருளை இயக்கப் பிற நிறுவனங்கள் எழுதிய டிரைவர்கள் என்பதும் தெரிந்தது. நீதிமன்ற வழக்கு ஒன்றில் 2008இல் வெளிவந்த உள் ஆவணத்தின்படி, 2007இல் பதிவான விஸ்டா கிராஷ்களில் 28.8 சதவீதம் என்விடியா டிரைவர்களைச் சார்ந்தவை. இத்தகைய டிரைவர் பிழைகளுக்கு மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் தாமஸ் பாலும் ஸ்ரீராம் ராஜாமணியும் முன்பே வேறு பாதை தேடியிருந்தனர். அவர்களது ஸ்லாம் திட்டம், டிரைவரை ஓட்டிப் பார்க்காமலேயே, அது இயங்குதளத்தின் விதிகளை எந்தப் பாதையிலாவது மீறுமா என்று மூலநிரலிலிருந்து கணித முறையில் சோதித்தது. அதிலிருந்து பிறந்த கருவி டிரைவர் எழுதுவோர் கையிலேயே தரப்பட்டது. விழுந்த பிறகு தேடும் தொழில், விழாது என்று முன்பே நிரூபிக்கும் தொழிலாக நகர்ந்த முக்கியமான அடி அது.

கசிவில் அதற்கு இணையான வெற்றி ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் நிகழ்ந்தது. நினைவகத்தை விழுங்கும் உலாவி என்ற கெட்ட பெயர் அதற்கு நெடுநாள் இருந்தது. 2011இல் நிக்கலஸ் நெதர்கோட், வால்கிரைண்டை வளர்த்தவர்களில் ஒருவர், மெம்ஷ்ரிங்க் என்ற முயற்சியைத் தொடங்கினார். உலாவியின் சொந்தக் கசிவுகள் குறையக் குறைய, மிச்சம் வெளியார் எழுதிய ஆட்-ஆன்களில் இருப்பது தெளிவாயிற்று. ஆட்-ஆன் ஒன்று மூடிய பக்கத்தின் ஏதோ ஒரு பொருளை மறந்துபோய்ப் பிடித்திருந்தால், அந்தப் பக்கம் முழுவதும் நினைவகத்தில் தங்கிவிட்டது. ஆயிரக்கணக்கான ஆட்-ஆன்களை ஒவ்வொன்றாகத் திருத்தச் சொல்வது நடவாத காரியம்; கைல் ஹியூயி எழுதிய திருத்தம் அந்தச் சுமையை உலாவியே ஏற்கும்படி செய்தது. பக்கம் மூடியதும் ஆட்-ஆன்கள் அதன்மேல் வைத்திருக்கும் பிடிகளை உலாவி தானே அறுத்தது. பிடித்திருந்தவருக்கு மிஞ்சியது செத்த பொருள். அதைத் தொட்டால் பிழைச்செய்தி வரும், நினைவகம் மட்டும் போகாது. 2012 ஆகஸ்டில் ஃபயர்ஃபாக்ஸ் 15 இதைக் கொண்டு வந்தபோது ஆட்-ஆன் கசிவுகளில் பெரும்பாலானவை ஒரே நாளில் ஓய்ந்தன. சில ஆட்-ஆன்கள் உடைந்தன. கிடைத்த பலனுக்கு அது சிறிய விலை.

கிராஷுக்கான சுவர் வேறு விதமாக எழுந்தது. 2008இல் வந்த குரோம், பக்கங்களையும் ஃபிளாஷ் போன்ற பிளக்-இன்களையும் தனித்தனிச் செயலாக்கங்களில் அடைத்தது. 2010 ஜூனில் ஃபயர்ஃபாக்ஸும் பிளக்-இன்களைப் பிரித்தது. ஃபிளாஷ் விழுந்தபோது அதன் சதுரம் மட்டும் வெறுமையாயிற்று, உலாவி விழவில்லை.

2012இல் கூகுளின் அட்ரஸ்சானிடைசர் பழைய சோதனைகளைக் கம்பைலருக்குள்ளேயே வைத்து, வேகத் தண்டனையைச் சுமார் இரு மடங்கோடு நிறுத்தியது. விலையாக, மூலநிரல் இல்லாத லைப்ரரி மீண்டும் இருட்டுக்குள் போயிற்று. ஆனால் அதற்குள் கூறுகளில் பெரும்பகுதி திறமூலமாகியிருந்தது. 2014இல் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிப்பட்ட பின், 2016இல் கூகுள் தொடங்கிய ஓஎஸ்எஸ்-ஃபஸ், பொது லைப்ரரிகளை இடைவிடாமல் தாறுமாறான உள்ளீடுகளால் தாக்கிச் சோதிக்கிறது.

இயங்குதளத்தின் மையமான கர்னலில் மட்டும், கிராஷை அடைத்து வைக்கும் அந்தச் சுவர் எழவில்லை. 2024 ஜூலை 19 அன்று கிரௌட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் உள்ளடக்கக் கோப்பு ஒன்று புதுப்பிக்கப்பட்டது. புதிய விதி 21வது உள்ளீட்டை எதிர்பார்த்தது. நிரல் தந்தவை 20. வரிசைக்கு வெளியே நினைவகத்தைப் படித்த கர்னல் டிரைவர் விழ, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் அதனோடு விழுந்தன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கோப்பு 78 நிமிடங்களில் திரும்பப் பெறப்பட்டது. விழுந்த கணினிகள் மீண்டும் தொடங்கும்போதே விழுந்ததால், சேஃப் மோடில் திறந்து அந்தக் கோப்பை ஒவ்வொன்றிலும் நீக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு நவம்பரில் மைக்ரோசாஃப்ட், பாதுகாப்பு மென்பொருள்கள் கர்னலுக்கு வெளியே நின்று இயங்க வழிசெய்யும் திட்டத்தை அறிவித்தது.